சந்தனம் தன் மகளைப் படிக்க வைத்த கதை

தங்கச்சிமடத்துச் சந்தனத்துக்குக் கடலில் தெரியாத இடம் கிடையாது. கடலடியில் எந்தப் பாறைத் திட்டில் வலை சிக்கும், எந்தக் காற்றுக்குப் படகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். தெரியாத இடம் என்று ஒன்று இருந்தால் அது அவருடைய வீடுதான். விசைப்படகு டிரைவர். ஒரு நாள் கடல், மறுநாள் கரை. கரைக்கு வந்த அன்று குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கூடத்து மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். எழுந்ததும் மீனவர் சங்கத்துக்குப் போய்விடுவார். இந்த இடைவெளியில்தான் அவருக்குக் கல்யாணமாகி, ஒரு மகள் பிறந்து, ஓட்டு வீடு காங்கிரீட் வீடாக மாறியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது.

மகள் பெயர் கிறிஸ்டினா. போன வருஷம் ஆதார் அட்டையில் ஏதோ திருத்தப் போன இடத்தில், "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டார்கள். சந்தனம் கொஞ்சமும் தயங்காமல் "ஏழாப்பு" என்றார்.

பக்கத்தில் நின்ற கிறிஸ்டினா, "ஒம்பதாப்பு" என்றாள்.

"இப்பத்தான தாயி ஏழுல இருந்த?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

அப்படிப்பட்ட மனிதர் மகளின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முழுப் பொறுப்பாளராக ஆனதற்கு இறால்தான் காரணம். அந்த மாசி மாதம் இறால் வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஒரேயடியாக விலையை இறக்கினார்கள். சங்கம் கூடி வேலைநிறுத்தம் அறிவித்தது. செயற்குழுவில் இருக்கிற சந்தனம்தான் மைக்கைப் பிடித்து முழங்கினார். "நாம கேக்குறது பிச்சை இல்ல, உரிமை! கோரிக்கைய ஏத்துக்கிற வரைக்கும் ஒரு படகும் நங்கூரத்தத் தூக்காது! சீசன் நேரத்துல ஸ்ட்ரைக் பண்ணுனாத்தான் கம்பெனிக்காரன் எறங்கி வருவான்!" கைதட்டல் பிரமாதமாக இருந்தது. படகுகளெல்லாம் கரையில் நின்றன. படகுக்காரர்களெல்லாம் வீட்டில் நின்றார்கள். படகு நிற்பதில் யாருக்கும் தொந்தரவில்லை.

அந்த வாரத்தில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. வழக்கமாகப் போகிறவள் அவர் மனைவி வேளாங்கண்ணி. அவள் இராமேஸ்வரத்தில் சங்கும் சிப்பி மாலையும் விற்கிற கடையில் வேலை பார்த்தாள். சிவராத்திரிக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்ததால் முதலாளி லீவு தரவில்லை.

"சும்மாதான இருக்கீக, போய்ட்டு வாங்க. ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வந்துட்டாப் போதும்" என்றாள்.

அவள் சொன்னபடி கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சந்தனம் உட்கார்ந்து கேட்டுவிட்டார்.

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கிக்கொண்டு, அத்தனை தாய்மார்களுக்கும் நடுவில் ஒற்றை ஆணாக அவர் உட்கார்ந்திருந்தார். மதுரையிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்திருந்தார். சட்டையில் குட்டி மைக்கைக் குத்திக்கொண்டு மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "பரீட்சை உங்கள் பிள்ளைக்கு அல்ல, உங்களுக்கு! தோற்றால் தோற்பது பிள்ளை அல்ல, நீங்கள்!" என்றார். நாலைந்து தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சந்தனமும் துண்டால் முகத்தைத் துடைத்தார். இத்தனை வருஷம் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டே தோற்றுக்கொண்டிருந்திருக்கிறோமே என்று நினைத்தார்.

ஆலோசகர் யோசனைகளை அள்ளி வீசினார். பிள்ளையைப் பாராட்டுங்கள். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். பிள்ளை பேசினால் கண்ணைப் பார்த்துக் காது கொடுத்துக் கேளுங்கள். கைபேசியைக் கண்ணில் காட்டாதீர்கள். பிள்ளையிடம் கத்தாதீர்கள். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். நண்பனாக இருங்கள். "ஏதாவது சந்தேகம்?" என்று கேட்டபோது கூட்டத்தில் ஒரு கைதான் உயர்ந்தது.

"பாராட்டச் சொன்னீகளே சார், ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

இப்படி ஒரு கேள்வியை ஆலோசகர் எந்த ஊரிலும் சந்தித்ததில்லை. "பத்துத் தடவையாவது பாராட்டலாம் ஐயா" என்று சொல்லிவைத்தார்.

கடலில் சொன்ன சொல்லை அப்படியே கேட்கிறவன்தான் உயிரோடு கரைக்கு வருவான் என்பது சந்தனத்தின் அனுபவம். தாய்மார்களெல்லாம் கேட்டதைப் பள்ளிக்கூட வாசலிலேயே உதறிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். சந்தனம் மட்டும் ஒவ்வொரு யோசனையாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தார்.

முதல் பாராட்டு மறுநாள் காலையில் கிறிஸ்டினா பல் விளக்கும்போது வந்தது.

"நல்லா வெளக்குற தாயி. அப்பாவுக்கு ரொம்பப் பெருமையா இருக்கு."

வாயில் நுரையோடு கிறிஸ்டினா அடுப்படிக்கு ஓடினாள். "அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"குடிச்சிருக்காரா?"

"இல்லம்மா, தவக்காலத்துலதான் தொட மாட்டாரே."

"அப்பக் காய்ச்சலா இருக்கும். தொட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு வேளாங்கண்ணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். படிப்பு விடுமுறை தொடங்கியிருந்தது. பகல் முழுக்க வீட்டில் இருந்தது மகளும் அப்பாவும் மட்டும்தான்.

கிறிஸ்டினாவுக்குப் படிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. கூடத்தில் சுவரோரம் கால் நீட்டி உட்காருவாள். பாம்பனில் இருக்கும் தோழி ஹுமைராவைப் போனில் கூப்பிட்டு, ஒலியைப் பெரிதாக வைத்துத் தரையில் கிடத்துவாள். அவள் கேள்வி கேட்க இவள் பதில் சொல்லுவாள். பிறகு இவள் கேட்க அவள் சொல்லுவாள். தப்பாகச் சொன்னால் இருவரும் சிரிப்பார்கள். சிரித்த பதில் மறக்காது. இப்படித்தான் ஒன்பது வகுப்பைக் கடந்து வந்திருந்தார்கள்.

சந்தனத்தின் காதில் விழுந்தது சிரிப்புச் சத்தம் மட்டும்தான். போன் அரிசி டிரம்முக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் ஹுமைரா சந்தனத்தின் போனுக்கே அழைத்தாள்.

"மாமா, கிறிஸ்டினா இருக்காளா?"

"பரீட்சை நேரத்துல பேசக் கூடாதும்மா. நீயும் போயிப் படி. நீ நல்ல புள்ள. உன்னையும் பாராட்டுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அது அன்றைய கணக்கில் சேருமா என்று அவருக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

கூடத்தில் போகிறவர்களும் வருகிறவர்களும் கவனத்தைக் கலைப்பார்கள் என்று மகளை உள்ளறைக்கு மாற்றினார். மேசையைச் சுவரைப் பார்க்கப் போட்டார். கடல் தெரிகிற ஜன்னலைச் சாத்தினார். அவரும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா இப்படி மொறச்சுப் பாக்குறீக?"

"மொறைக்கல தாயி. காது குடுத்துக் கேக்குறேன்."

"நான் ஒண்ணுமே பேசலயே?"

"பேசுனாக் கேக்கணும்ல? அதுக்குத்தான்."

ஒப்பிடக் கூடாது என்ற யோசனையை அவர் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "தெக்குத் தெரு வாத்தியார் மகன் விடியக்காலமே எந்திரிச்சுப் படிக்கிறானாம். அவனோட உன்ன ஒப்பிட மாட்டேன். நம்ம படகு ரெக்ஸோட அக்கா மக போன வருசம் நானூத்தி எழுவது எடுத்தா. அவளோடயும் ஒப்பிட மாட்டேன். அவ யாரு, நீ யாரு!" என்றார். பொழுது சாய்வதற்குள் தங்கச்சிமடத்தில் பத்தாவது எழுதுகிற, எழுதிய, எழுதப்போகிற எல்லாப் பிள்ளைகளையும் பேர் சொல்லி ஒப்பிடாமல் விட்டார்.

தண்ணீர் விஷயத்தில் அவர் குறையே வைக்கவில்லை. அவள் ஒரு கணக்கைத் தொடங்கி இரண்டாவது வரிக்கு வருவாள், செம்பு வந்து மேசையில் உட்காரும். குடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். குடித்தால் பாராட்டுவார். குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா? அந்த நாட்களில் கிறிஸ்டினா மேசையில் இருந்ததைவிடக் கொல்லைப்புறத்துக்குப் போய் வந்ததே அதிகம்.

நண்பனாக இருப்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. நண்பன் என்றால் அவருக்குத் தெரிந்தவன் ரெக்ஸ். படகில் அவரோடு வருகிறவன், சங்கத்திலும் கூடவே நிற்கிறவன். ரெக்ஸின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்து "ஏலே, எப்படிரா இருக்க?" என்று கேட்பதுதான் சந்தனம் அறிந்த நட்பு. மகள் முதுகில் அதை இலேசாகச் செய்து பார்த்தார். அவளுக்குப் பேனா கோணியது. சரி, நமக்கு வராததை வருகிறவனைக் கொண்டு செய்வோம் என்று ரெக்ஸையே கூட்டி வந்தார்.

வேலைநிறுத்தத்தில் டீக்கடைப் பேச்சும் தீர்ந்துபோய்க் கிடந்தவர்களுக்கு இது நல்ல பொழுதாக அமைந்தது. ரெக்ஸ் தனியாக வரவில்லை, இன்னும் இரண்டு பேரையும் இழுத்து வந்தான். பாடம் ஒப்பிக்க வைப்பது என்று முடிவானது. ரெக்ஸ் அறிவியல் புத்தகத்தை வாங்கிப் பிரித்து, கடலில் அடுத்த படகுக்காரனைக் கூப்பிடுகிற குரலில், "நியூட்டனின் இரண்டாம் விதியைக் கூறுக!" என்றான்.

கிறிஸ்டினா கூறினாள்.

"என்னலே, சரியாச் சொல்லுச்சா?" என்று சந்தனம் கேட்டார்.

ரெக்ஸ் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பிடித்திருந்த பக்கத்தில் கேள்வி மட்டும்தான் இருந்தது. "சத்தமாச் சொல்லுச்சுண்ணே. சரியாத்தான் இருக்கும்."

அவள் சொன்ன பதிலில் 'விசை' என்று ஒரு சொல் வந்தது. உடனே பேச்சு விசைப்படகுக்குப் போயிற்று. யார் படகு எஞ்சினுக்கு இழுவை அதிகம் என்று நாலு பேரும் மத்தியானம் வரைக்கும் சண்டை போட்டார்கள். நியூட்டன் ஓரமாகக் கிடந்தார். நன்றாகப் படிக்க வைத்த திருப்தியோடு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தனம் பங்குச் சாமியாரிடம் போய் மகளுக்காகப் பூசையில் மன்றாடச் சொன்னார். "தேர்வு எழுதும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுறோமே" என்றார் சாமியார். "பேரு சொல்லிச் சொன்னாத்தான் சாமி எடுபடும்" என்று சந்தனம் பிடித்த பிடியில் நின்றார். சாமியாரும் மைக்கில் பேர் சொல்லி மன்றாடினார். அன்றிலிருந்து கிறிஸ்டினா தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ரேஷன் கடையில், பஸ் நிறுத்தத்தில், பால் வாங்குகிற இடத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "என்ன தாயி, படிச்சு முடிச்சிட்டியா?"

அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை. டீக்கடையிலிருந்து மகளுக்கு உளுந்த வடை வாங்கிக்கொண்டு சந்தனம் வீட்டுக்கு வந்தார். வாசல் கதவில் அட்டை ஒன்று தொங்கியது. 'காலவரையற்ற படிப்பு நிறுத்தப் போராட்டம்' என்று சிவப்பு மையால் எழுதியிருந்தது. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே, அவருடைய பாயில், கிறிஸ்டினா மல்லாந்து படுத்திருந்தாள். புத்தகங்களெல்லாம் வலை பின்னுகிற நைலான் நரம்பால் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு மூலையில் இருந்தன.

"என்ன தாயி இது?"

"ஸ்ட்ரைக்."

"என்னது?"

"உங்களுக்குத் தெரியாததாப்பா? கோரிக்கைய ஏத்துக்கிற வரைக்கும் புத்தகத்தத் தொட மாட்டேன்."

"ஏ புள்ள, வெளாடுறியா? அடுத்த வாரம் பரீட்சை!"

"அதனாலதான் இப்ப. சீசன் நேரத்துல பண்ணுனாத்தான் கம்பெனிக்காரன் எறங்கி வருவான்னு மைக்குல சொன்னது யாரு?"

சந்தனம் வடைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். கத்தலாம் என்றால் கத்தக் கூடாது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். பாராட்டலாம் என்றால் இதை எப்படிப் பாராட்டுவது? அவர் போய் ரெக்ஸைக் கையோடு இழுத்துவந்தார். "நீயாவது இவளுக்குப் புத்தி சொல்லு."

ரெக்ஸ் வாசலில் நின்று அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாய்க்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, கோரிக்கை என்னன்னு கேட்டீகளா?"

"ஏலே, உன்ன எதுக்குடா கூட்டியாந்தேன்?"

"கேக்கணும்ல அண்ணே? கம்பெனிக்காரன் நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்கலன்னுதான நாம படகக் கட்டிப்போட்டு உக்காந்திருக்கோம்?"

"அவ எம் மகடா!"

"மகளா இருந்தா என்ன? போராடுறவுக பக்கந்தான் சங்கம் நிக்கும்" என்று ரெக்ஸ் எழுந்துபோய், போராட்டக்காரிக்கு ஒரு டீ வாங்கி வந்தான்.

மத்தியானம் சந்தனம் வேறு வழியில் போனார். பிரியாணிப் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து, மணம் வீசும்படி பிரித்துப் பாய்க்கருகே வைத்தார். "சாப்பிட்டுட்டு ஒரு பாடத்த மட்டும் பாரு தாயி."

கிறிஸ்டினா எழுந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். "இது உண்ணாவிரதம் இல்லப்பா. படிப்பு நிறுத்தம் மட்டுந்தான்" என்று சொல்லி, எலும்பையும் விடாமல் சாப்பிட்டு முடித்து மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வேளாங்கண்ணி வேலை முடிந்து வந்தாள். வாசலில் அட்டையைப் பார்த்தாள், கூடத்தில் மகளைப் பார்த்தாள், மூலையில் குறுகி உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். பையை வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கலெக்டர் ஆபீசில் எத்தனையோ பேச்சுவார்த்தைக்குப் போய்வந்த சந்தனத்துக்கு அந்த உட்காரலைப் பார்த்ததுமே இது எப்படி முடியும் என்று தெரிந்துவிட்டது.

"சொல்லுடி, என்ன வேணும் உனக்கு?"

"போன் வேணும். ஹுமைராகூடப் படிக்கணும். மேசைய எடுத்துட்டு நான் பழையபடி கூடத்துல உக்காரணும். ரெக்ஸ் சித்தப்பா கேள்வி கேக்கக் கூடாது. என்னய யாரும் பாராட்டக் கூடாது. பரீட்சை எழுதிட்டு வந்தா எப்படி எழுதுனன்னு கேக்கக் கூடாது. தண்ணி நானே குடிச்சுக்கிருவேன்."

சந்தனம் பேரம் பேசிப் பழகியவர். "போன் தாரேன். பாராட்ட மட்டும் கொறச்சுக்குவோம். பத்து வேணாம், அஞ்சு?"

"ஒண்ணும் வேணாம்."

"ரெண்டு?"

"எங்கிட்டக் கேட்டா, மார்க்கு வந்த பிறகு ஒண்ணு" என்று வேளாங்கண்ணி தீர்ப்புச் சொன்னாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "பத்து வருசமா ஒண்ணுமே செய்யாமத்தான் இவளப் படிக்க வச்சேன். நீங்க பத்து நாளு செஞ்சீக, படிப்பே நின்னுபோச்சு. எல்லாத்துக்கும் சரின்னு சொல்லுங்க."

சந்தனம் சரி என்றார். சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர்களிடம் தோற்று வந்த நாட்களில்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

"அப்ப நான் ஒண்ணுமே செய்ய வேணாமா தாயி?" என்று கேட்டார்.

கிறிஸ்டினா புத்தகக் கட்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. "ஒண்ணு இருக்கு. ஆனா நீங்க சிரிப்பீக."

"சொல்லு. சிரிக்க மாட்டேன்."

"நான் படிக்கிறப்ப இங்கன படுத்துத் தூங்குங்க. கடலுக்குப் போய்ட்டு வந்து படுப்பீகள்ல, அதே மாதிரி. சின்ன வயசுலருந்து உங்க கொறட்டச் சத்தத்துலதான் நான் எல்லாமே படிச்சிருக்கேன். அது இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்குப்பா. உங்க ஸ்ட்ரைக் ஆரம்பிச்சதுலருந்து நீங்க பகல்ல தூங்கவே இல்ல."

சந்தனம் சிரிக்கவில்லை. வேளாங்கண்ணிதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு அவர் பாயை விரித்துப் படுத்தார். தூக்கம் வரவில்லை. உடம்பு அசந்து, உப்பு காய்ந்து, கண் தானாகச் சொருகுகிற தூக்கம்தான் அவருக்குத் தெரியும். ஒரு காரியமாகத் தூங்குவது இதுவே முதல் தடவை. சுவரோரம் கிறிஸ்டினா காத்திருக்கிறாள். சரி, ஆரம்பித்துவைப்போம் என்று தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தார்.

"பொய்க் கொறட்ட வேணாம்ப்பா. ஒழுங்காத் தூங்குங்க."

போனுக்குள்ளிருந்து ஹுமைரா, "மாமா, திரும்பிப் படுங்க, வரும்" என்றாள்.

அவர் திரும்பிப் படுத்தார். இரண்டு பிள்ளைகளும் ஏதோ அமிலம், காரம் என்று பேசிக்கொண்டார்கள். இடையில் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தவர் எப்போது தூங்கிப்போனார் என்று தெரியவில்லை. விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. கிறிஸ்டினா புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"முடிஞ்சதா?" என்று கேட்க வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ரெண்டு பாடம் முடிச்சிட்டேன்" என்று அவளே சொன்னாள்.

பரீட்சை தொடங்கியது. மையம் பாம்பனில். மொபெட்டில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும் வேலையைச் சந்தனம் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். அதில்தான் ஒப்பந்தத்தின் கடினமான பகுதி இருந்தது. மற்ற அப்பாமார்கள் பள்ளிக்கூட வாசலிலேயே பிள்ளையின் கையிலிருந்து வினாத்தாளைப் பிடுங்கி, ஒரு மதிப்பெண் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாக விசாரணை நடத்தினார்கள். ஒரு பையன் கண்ணெதிரே கன்னத்தில் வாங்கினான். சந்தனம் வண்டியைத் திருப்பி, மகள் ஏறி உட்கார்ந்ததும், "காத்து இன்னைக்குத் தெக்க திரும்பிருச்சு" என்றார். தமிழ்ப் பரீட்சைக்கும் காற்றைப் பற்றித்தான் பேசினார், ஆங்கிலத்துக்கும் காற்றைப் பற்றித்தான் பேசினார். கேட்காத கேள்வி தொண்டையில் மீன் முள்ளைப் போல நின்றது.

கணக்குப் பரீட்சையன்று கிறிஸ்டினா கண் சிவந்து வெளியே வந்தாள். அன்று காற்றைப் பற்றியும் பேச வரவில்லை. வழியில் சர்பத் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினார். இரண்டு சர்பத் சொன்னார். அவள் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"எட்டு மார்க் கேள்வி ஒண்ணு விட்டுட்டேன்ப்பா. தெரிஞ்சதுதான். நேரம் பத்தல."

மதுரை ஆலோசகர் சொன்னதில் ஏதாவது இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று சந்தனம் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. 

"இன்னொரு சர்பத்துச் சொல்லவா?" என்றார்.

"சொல்லுங்க."

அதையும் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வீடு வரும் வரைக்கும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கடைசிப் பரீட்சைக்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். சங்கம் கேட்டதற்கும் அவர்கள் கொடுத்ததற்கும் நடுவில் ஒரு விலை முடிவானது. மறுநாளே படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன். சந்தனத்துக்குப் போக மனமில்லை. சமூக அறிவியல் பாக்கி இருக்கிறது, மகள் குறட்டைக்கு என்ன செய்வாள்?

"நீங்க போங்கப்பா. அதெல்லாம் போன்ல பதிஞ்சு வச்சிருக்கேன்" என்றாள் கிறிஸ்டினா.

"எத?"

அவள் போனைத் தட்டினாள். கூடம் முழுக்க அவருடைய குறட்டை புறப்பட்டது. தன் குறட்டையைத் தானே கேட்பது சந்தனத்துக்கு அதுதான் முதல் தடவை. எஞ்சின் கோளாறுபோல இருந்தது. ஆனாலும் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடக்கையில், பார்த்தவரிடமெல்லாம், "நான் இல்லாட்டியும் எஞ் சத்தம் அங்கன ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒருவருக்கும் புரியவில்லை.

மார்க் வந்தது. நானூற்றுப் பதினேழு. கணக்கில் மட்டும் எழுபதைத் தொட்டு நின்றது. வேளாங்கண்ணியின் தீர்ப்பில் பாக்கியிருந்த ஒரே பாராட்டைச் சந்தனம் சேர்த்துவைத்துச் சொன்னார். "நல்லாப் படிச்ச தாயி." அதற்கு மேல் சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை.

ஊர் அதோடு விடுமா? சந்தனம் மகளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்ததையும், செம்பும் கையுமாக நின்றதையும், பூசையில் பேர் சொல்ல வைத்ததையும் எல்லோரும் பார்த்தோ கேள்விப்பட்டோ இருந்தார்கள். வாசலில் ஒரு நாள் தொங்கிய படிப்பு நிறுத்த அட்டையை ரெக்ஸைத் தவிர வெளியாள் யாரும் நின்று படிக்கவில்லை. "கடல்ல கெடக்குற மனுசன், தொழில விட்டுட்டு மகளப் படிக்க வச்சாருய்யா" என்று பேச்சுப் பரவியது. படகுகளெல்லாமே அப்போது வேலைநிறுத்தத்தில் கட்டிக் கிடந்தன என்பது யாருக்கும் நினைவில்லை.

அடுத்த வருஷத்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அவரை மேடைக்கே அழைத்தார்கள். சால்வை போட்டார்கள். அதே ஆலோசகர் தோளில் கை போட்டு, "இந்த ஐயாதான் போன வருஷம் என்னிடம் சந்தேகம் கேட்டவர். என் யோசனைகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தவர். எப்படிப் படிக்க வைத்தீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா" என்று மைக்கை நீட்டினார்.

சந்தனம் உள்ளதைச் சொன்னார். "தூங்குனேன் சார்."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. "எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள்!" என்று ஆலோசகர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் தாய்மார்கள் வளைத்துக்கொண்டார்கள். "மேடையில சொல்றது சரிண்ணே. உண்மையச் சொல்லுங்க, என்ன செஞ்சீக?"

"பேசாம இருந்தேம்மா. அவ போக்குல விட்டுட்டேன்."

"அது இருக்கட்டும். சாப்பிட என்ன குடுத்தீக?"

அவர் மறுபடியும் உள்ளதைச் சொல்லிப் பார்த்தார். ஒருத்தியும் நகரவில்லை. எல்லா முகத்திலும் ஒரே தவிப்பு. வெறுங்கையோடு இவர்களை எப்படி அனுப்புவது என்று அவருக்குப் பாவமாக இருந்தது. வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னார்.

"கடப்பாசி. பால்ல காய்ச்சி, ஏலக்காயத் தட்டிப் போட்டு."

"அப்படிச் சொல்லுங்க!" என்று தாய்மார்கள் மூச்சுவிட்டார்கள். சால்வை போடுவதைப் பார்க்க லீவு போட்டு வந்து பக்கத்தில் நின்ற வேளாங்கண்ணி அவர் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். அவர்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சியதே கிடையாது.

அந்த வாரம் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் ஒரு கடையில்கூடக் கடல்பாசி கிடைக்கவில்லை. இராமேஸ்வரம் சங்குக் கடை முதலாளி எங்கிருந்தோ இரண்டு மூட்டை வரவழைத்து, சிப்பி மாலைகளுக்குப் பக்கத்திலேயே அடுக்கினார். வேளாங்கண்ணியை அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். வாங்க வந்த ஒரு தாய் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது கேக்குமாக்கா?" என்று சந்தேகமாக இழுத்தாள்.

வேளாங்கண்ணி ஒரு கணம்தான் யோசித்தாள். "எம் புருசன் சொல்றதுல எனக்கே நம்பிக்க கெடையாது. ஆனா உம் புள்ளகிட்ட இது வேணுமான்னு கேளு, வேணாம்னா வற்புறுத்தாத. வச்சுட்டு நீ போயிப் படுத்துத் தூங்கு" என்றாள்.

அந்தத் தாய் நாலு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். பாதி வழியில் திரும்பி வந்து, ஒரு நாளைக்கு எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.